கோதின் சரிவு

எங்கள் வயதுப் பெடியளுக்கு ரவைக் கோது, சுட்டபின் துவக்கு வெளியே தள்ளுகிற வெற்றுக்கூடு, விளையாட்டுச் சாமான். வேலியோரத்திலும் ஒழுங்கை மணலிலும் பள்ளிக்கூட மதிலடியிலும் கிடந்ததைப் பொறுக்கி ரின் பேணியில் சேர்த்து வைத்திருந்தோம். கோதைப் பார்த்தே துவக்கைச் சொல்லவும் தெரியும். நீளமாய், மஞ்சள் பித்தளையில், கழுத்துச் சிறுத்துக் கிடந்தால் 1987இல் வந்திறங்கிய இந்திய ஆமியின் எஸ்.எல்.ஆர். குட்டையாய், அடியிலிருந்து நுனிவரை ஒடுங்கிக்கொண்டே போய், செம்பு நிறத்தில் இருந்தால் சீனத்து ரி-56. அதைச் சுட்டது யாரென்று மட்டும் கோதிலிருந்து சொல்ல முடியாது. இலங்கை ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கத்திடமும் அதுதான் இருந்தது. அடியில் விளிம்பு தடித்து வெளியே தள்ளி நின்றால் பழைய பொலிஸ்காரரின் திரீ-நொட்-திரீ, அதாவது .303.

ரி-56 கோதை ஒரு மாரி மழையில் நனையவிட்டால் துருப்பிடித்துவிடும். செம்பு என்று நாங்கள் நம்பியது இரும்பின் மேல் போட்ட மெல்லிய பூச்சு. சீனத்து ரவைகளில் இது வழக்கம். பழைய இரும்பு வாங்க வருகிற சைக்கிள்காரர் சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பார். ஒட்டினால் ஒரு விலை, ஒட்டாவிட்டால் வேறு விலை. பித்தளையென்றால் அவரின் முகமே மாறும்.

யாழ்ப்பாணத்தில் கன்னாதிட்டிப் பக்கத்தில் பித்தளைப் பட்டறை வைத்திருந்த என் பெரியப்பா மட்டும் கோதைக் கையாலும் தொடமாட்டார். செம்பு, தாம்பாளம், குடம், குத்துவிளக்கு என்று எதையும் உருக்குவார், தட்டுவார், பற்றவைப்பார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பித்தளைத் தகடு கிடைக்காமல் உடைந்த பாத்திரங்களைத் தேடி அலைந்தபோதும், சாக்குச் சாக்காய் வந்த கோதுகளைத் திருப்பி அனுப்பினார். "ஆயிரத்தில ஒண்டு சுடாததாக் கிடந்தாலும் உலை எங்கடை முகத்தில" என்பார். கணக்குச் சரியான மனிதர்.

அந்தப் பெரியப்பா இப்போது, எண்பதைத் தாண்டிய வயதில், கனடாவில் இருக்கிற என் மச்சானோடு வட்சப்பில் ரவைக் கோதைப் பற்றி மணிக்கணக்காய் விவாதிக்கிறார். நடுவில் மொழிபெயர்ப்பாளன் வேலை எனக்கு. இரண்டு பேரும் தமிழில்தான் பேசுகிறார்கள். ஆனாலும் ஆள் தேவைப்படுகிறது.

மச்சான் மாமாவின் மகன். ஸ்காபரோவில் வீடு. கிழமை நாட்களில் கட்டடங்களுக்கு ஏசி பூட்டுகிற வேலை, சனி ஞாயிறில் துவக்கு. முறைப்படி படித்து உரிமம் எடுத்து, ரேஞ்ச் ஒன்றில் உறுப்பினராகி, கடதாசி இலக்குகளைச் சுடுகிறான். மானும் சுடுகிறான் என்பது மாமி பேச்சை மாற்றுகிற விதத்திலிருந்து தெரியும். துவக்கென்றால் முதலில் எனக்கு வயிறு கலங்கும். இங்கே வளர்ந்த யாருக்கும் அப்படித்தான். அவன் துவக்கைவிடக் கோதைப் பற்றியே அதிகம் பேசுகிறான் என்று கண்ட பிறகுதான் காது கொடுக்கத் தொடங்கினேன்.

அவனிடம் இருப்பது லீ-என்ஃபீல்ட் நம்பர் 4. ரொறன்ரோவை ஒட்டியிருக்கும் லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. எங்கள் ஊர்ப் பொலிஸ்காரர் தோளில் கண்ட அதே திரீ-நொட்-திரீ குடும்பம். ஆனால் அவனுடைய துவக்கின் சேம்பரை முந்தைய சொந்தக்காரர் ரீமர் விட்டுக் குடைந்து பெருப்பித்திருக்கிறார். குழலின் பின்பக்கத்தில் ரவை போய் அமரும் அறைதான் சேம்பர். அதன் புது வடிவத்துக்கு ஒன்ராறியோத் துவக்குச் செய்வினைஞர் எல்வுட் எப்ஸின் பெயர்: .303 எப்ஸ். அந்த வடிவ ரவையை எந்தக் கடையிலும் பெட்டியாய் வாங்க முடியாது. சாதாரண .303 கோதை எடுத்து அதை எப்ஸ் கோதாக மாற்றி, மருந்தும் முன்னால் பறக்கிற சன்னமும் புதிதாய் இட்டுத் திரும்பத் திரும்பப் பாவிக்க வேண்டியது சுடுகிறவனின் பாடு.

இப்படித் தொழிற்சாலை எதுவும் செய்து விற்காத, யாரோ ஒரு பட்டறைக்காரர் தன் எண்ணத்துக்கு வடித்த ரவையைத்தான் அங்கே வைல்ட்காற் என்கிறார்கள். சிலது பட்டறையோடு செத்துப்போகும். சிலது பேர் எடுத்து, கடைசியில் கம்பனியே தத்தெடுத்துக்கொள்ளும். 1915இல் வந்த .250 சவேஜ் கோதின் கழுத்தைச் சிறுக்கவைத்து ஆட்கள் பல வருடம் வீட்டிலேயே செய்துவந்த .22-250ஐ, 1965இல் ரெமிங்டன் தன் பட்டியலில் சேர்த்தது. 1922இல் பிறந்த .35 வீலன் அதே கம்பனியின் கதவு திறக்க 1988 வரை காத்திருந்தது. அவுஸ்திரேலியாவில் கதை வேறு. நியூ சவுத் வேல்ஸில் இராணுவம் பாவிக்கிற அளவு ரவைகளுக்குக் கட்டுப்பாடு இருந்ததால், உலகப்போர் முடிந்து மலிவாய்க் கிடந்த .303 துவக்குகளுக்கு வேறு குழல் பூட்டி, .303 கோதின் கழுத்தைக் கால் அங்குலச் சன்னத்துக்குச் சிறுக்கவைத்து .303/25 என்று ஆக்கினார்கள். சட்டம் ஒரு கழுத்தை நெரித்த கதை என்று மச்சான் சிரிப்பான்.

கழுத்தைச் சிறுக்கவைப்பது அச்சுக்குள் வைத்து அழுத்துகிற வேலை. எப்ஸுக்கு வேண்டியது அதற்கு எதிர்ப்பக்கம். உடலைப் பெருப்பிக்க வேண்டும். வெளியிலிருந்து தட்டிப் பெருப்பிக்க முடியாது. உள்ளேயிருந்து தள்ளவேண்டும். தள்ளுவதற்கு வெடிமருந்தின் வாயு. சாதாரண .303 ரவையை எப்ஸ் சேம்பரில் போட்டுச் சுடுகிறார்கள். சன்னம் முன்னால் போகிறது, வாயு கோதைச் சேம்பரின் சுவர்வரை தள்ளுகிறது, தகரப் பேணிக்குள் ஊதிய பலூன் பேணியின் வடிவத்துக்கு வருவதுதான் கணக்கு. வெளியே எடுக்கும்போது அது எப்ஸ் கோது. இந்த வேலைக்குப் பெயர் ஃபயர்ஃபோமிங்.

பலூன் சுருங்கிவிடும், கோது சுருங்காது. முழுக்கச் சுருங்காது என்று திருத்திச் சொல்லவேண்டும். அந்தக் கொஞ்சச் சுருக்கத்தில்தான் பித்தளைக் கோதின் முழு வித்தையும் இருக்கிறது. .303 சேம்பருக்குள் வாயுவின் அழுத்தம் 3,650 பார் வரை போகலாம் என்பது ஐரோப்பிய நியமம். அந்த அழுத்தத்தில் கோதின் மெல்லிய சுவர் உருக்குச் சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம், சேம்பரின் பின்வாயை மூடுகிற போல்ற் வழியாய்ச் சுடுகிறவனின் முகத்துக்கு வராமல் அடைக்கிறது. சன்னம் குழலைவிட்டுப் போய் அழுத்தம் இறங்கியதும் ஒரு மயிரிழை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அந்த மயிரிழை இல்லையென்றால் போல்ற்றை இழுத்தாலும் கோது வராது. பித்தளையின் விறைப்பு உருக்கினுடையதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் அதே அளவு இழுவிசையைத் தாங்கி நின்றால் பித்தளை இரண்டு மடங்கு பின்வாங்கும். இரும்புக் கோது அவ்வளவு வாங்காது.

இப்போது ரி-56 கோதின் வடிவத்துக்கு வருகிறேன். அடியிலிருந்து நுனிக்கு அது ஏன் அவ்வளவு ஒடுங்கிக்கொண்டே போகிறது என்று பெடியனாய் இருந்தபோது யோசித்ததில்லை. அந்த மகசீன் வாழைக்காய் வளைவில் இருப்பதற்கும் காரணம் அதுதான். ஒருபக்கம் ஒடுங்கிய உருளைகளை அடுக்கினால் அடுக்கு வளையும். ஒடுங்கிய கோது சேம்பருக்குள் வழுக்கிக்கொண்டு போகும், அரை மில்லிமீற்றர் பின்னால் அசைந்தாலே சுவரைவிட்டுக் கழன்றுவிடும். மண்ணும் அழுக்கும் படிந்த துவக்கில், பின்வாங்கத் தயங்குகிற இரும்புக் கோதில், அது பெரிய உதவி. 1888இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றுக்கொண்ட .303க்கும் அதே சரிவு உண்டு. சூட்டிலும் சேற்றிலும் எவன் கையிலும் சிக்காமல் வேலைசெய்ய வேண்டும் என்று போட்ட சரிவு.

எப்ஸும், அவரைவிடப் பேர்போன அமெரிக்கர் பி.ஓ. ஆக்லியும் செய்தது அந்தச் சரிவை எடுத்துவிட்டது. ஆக்லி ஏதாவதொரு தொழிற்சாலை ரவையின் உடலைக் கிட்டத்தட்ட நேராக்கி, உடல் கழுத்தாய்ச் சிறுக்கிற இடமான தோளை 40 பாகை வரை நிமிர்த்தினார். உள்ளே மருந்துக்கு இடம் கூடும். சரிவு குறைந்ததால் கோது சுவரைக் கூடுதலாய்ப் பிடித்துக்கொள்ளும், நீளவாக்கில் இழுபடுவது குறையும். ஒவ்வொரு ரவையாய்க் கையால் போட்டு, துவக்கைத் துடைத்துத் துடைத்துச் சுடுகிறவனுக்குச் சரிவு எதற்கு? எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. இராணுவம் அவசரத்துக்காகப் போட்ட ஒன்றை, அவசரமில்லாத ஒருவன் தட்டி நீக்குகிறான்.

சரி, சுட்டால் போதுமா? போதாது. ஆபத்து முழுவதும் இங்கேதான். கோது சேம்பருக்குள் முன்னாலும் பின்னாலும் பிடிபட்டு நிற்கவேண்டும். அந்த இடைவெளிக் கணக்குக்குத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். தளர்வாய் இருந்தால், ஊசி வந்து அடிக்கும்போது கோது முன்னால் சறுக்கும். உடனே வாயு எழும்பி மெல்லிய முன்சுவரைச் சேம்பரோடு ஒட்டவைக்கும். அடியோ தடித்தது, ஒட்டாது. அழுத்தம் அதைப் பின்னுக்குத் தள்ளிப் போல்ற்றில் கொண்டுபோய் முட்டும். முன்பாதி நகராது, பின்பாதி நகரும். இரண்டுக்கும் நடுவில், அடித்தடிப்புக்குச் சற்று மேலே, சுவர் இழுபட்டு மெலியும். வெளியில் ஒரு பளபளப்பான வளையம் தெரியும். இன்னும் இரண்டொரு தரம் சுட்டால் அந்த வளையத்தில் கோது இரண்டாய்ப் பிரியும். முன்பாதி சேம்பருக்குள் சிக்கும், வாயு பின்னால் வரும்.

இதற்குத்தான் ஆக்லி தன் சேம்பரைத் தாய் ரவையின் அளவைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 பங்கு குறைவாய் வெட்டினார். போல்ற்றை மூடும்போது கழுத்தும் தோளும் சந்திக்கும் மூலை நசுங்கிக்கொண்டு உள்ளே போகும். கோது அசைய இடமிருக்காது. விளிம்புள்ள .303இல் அந்த விளிம்பே பிடித்துக்கொள்ளும் என்பது ஏட்டுக் கணக்கு. உண்மையில் லீ-என்ஃபீல்ட்களில் விளிம்புக்கும் போல்ற்றுக்கும் நடுவில் இடம் தாராளம். தோள் பக்கத்திலும் போர்க்காலத்துச் சேம்பர்கள் மிகத் தாராளம். தொழிற்சாலை ரவையைச் சாதாரண நம்பர் 4இல் சுட்டாலே தோள் முன்னால் தள்ளி வேறு வடிவமாய் வரும். அந்தத் துவக்கு கேட்காமலே ஃபயர்ஃபோமிங் செய்கிறது.

மச்சானுக்கு வழி தொழிலிலேயே கிடைத்தது. ஏசிக் குழாய்ப் பொருத்துகளில் போடுகிற ரப்பர் ஓ-ரிங்கில் ஒன்றைக் கோதின் விளிம்புக்கு முன்னால் மாட்டிவிடுகிறான். போல்ற்றை மூடும்போது ரப்பர் நசுங்கிக் கோதைப் பின்னுக்குத் தள்ளிப் போல்ற்றோடு ஒட்ட வைத்திருக்கும். சுடும்போது அடி ஏற்கெனவே தன் இடத்தில் இருக்கிறது. பின்னால் இழுபட வேலையில்லை, முன்பக்கம் மட்டும் விரியும். இது அவன் கண்டுபிடிப்பில்லை, .303 சுடுகிறவர்களிடம் நெடுநாளாய் உள்ள பழக்கம். ஆனால் ஓ-ரிங்கை வேலைத்தலத்துப் பெட்டியிலிருந்து எடுப்பதில் அவனுக்குத் தனிப் பெருமை.

சன்னமே இல்லாமல் செய்கிற வழியும் உண்டு. கொஞ்சம் வேகமான மருந்து, அதற்கு மேல் கோதுமை ரவை, வாயில் மெழுகு. சன்னத்துக்குச் செலவில்லை, குழலும் தேயாது. தோளின் மூலைகள் மட்டும் அவ்வளவு கூர்மையாய் வராது, முதல் உண்மையான சூட்டில்தான் நிரம்பும். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, "ரவைக்குள்ள ரவையோ?" என்று விட்டுக் குசினிக்குப் போய்விட்டா. இந்த விடயத்தில் அவவின் பங்களிப்பு அவ்வளவுதான், ஆனால் அதற்குமேல் யாரும் சொல்லவில்லை.

பெரியப்பா வாய் திறந்தது அனீலிங் பேச்சு வந்தபோது. பித்தளையை நெரித்தாலும் விரித்தாலும் அது இறுகும். இறுகியதை மறுபடி நெரித்தால் வெடிக்கும். அதனால் அவ்வப்போது காய்ச்சி இளக்கவேண்டும். இது அவருக்குப் பால்குடி வயதிலிருந்து தெரிந்தது. ஒரு செம்பின் கழுத்தைத் தட்டிச் சிறுக்கவைக்க எத்தனை தரம் சிரட்டைக்கரி உலைக்குப் போய்வரும் என்று அவருடைய கைக்குத் தெரியும். வாயால் கேட்டால் சொல்லமாட்டார். வாட்டும்போது பட்டறையின் இருட்டு மூலைக்குக் கொண்டுபோய்த்தான் நிறம் பார்ப்பார். வெளிச்சத்தில் பார்த்தால் சூடு தெரியாது, தெரிகிறபோது கூடிப்போயிருக்கும். கூடினால் பித்தளைக்குள் இருக்கிற பளிங்கு மணிகள் பருத்து, தட்டும்போது மேற்பரப்பு தோடம்பழத் தோலாய்ச் சொரசொரக்கும். இன்னும் கூடினால் பித்தளையில் கலந்த நாகம், அதாவது துத்தநாகம், புகைந்து போகும்.

மச்சான் செய்வதும் அதேதான், ஒரு வித்தியாசத்தோடு. ரவைக்கோதில் 70 பங்கு செம்பு, 30 பங்கு நாகம். தொழிற்சாலையில் தடித்த பித்தளைத் தகட்டிலிருந்து வட்டம் வெட்டி, கிண்ணமாக்கி, பல கட்டமாய் இழுத்து நீட்டுகிறார்கள், நடுநடுவில் காய்ச்சி இளக்குகிறார்கள். கடைசியில் அடியை அச்சடித்து நசுக்கி இறுகவைப்பார்கள், கழுத்தை மட்டும் இளக்குவார்கள். ஒரே துண்டுப் பித்தளையில் அடி விறைப்பு, கழுத்து மென்மை. அடியை இளக்கினால் கோது குப்பைக்குத்தான். அது மருந்தைப் பற்றவைக்கிற பிறைமரையும் பிடிக்காது, அழுத்தத்தையும் தாங்காது. அதனால் ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, கோதுகளை நிறுத்தி, கழுத்துக்கு மட்டும் சுவாலை காட்டி, மங்கிய சிவப்பு எட்டிப்பார்க்கும்போது தண்ணீரில் சரித்துவிடுகிறான். ஃபயர்ஃபோமிங்கின் முன் இதைச் செய்தால் தோளில் வெடிப்பு விழுவது குறையும்.

"தண்ணி எதுக்கு?" என்று கேட்டார் பெரியப்பா. "இரும்பெண்டால் தண்ணியில தோச்சா இறுகும். பித்தளைக்குத் தோச்சாலென்ன, தோய்க்காட்டியென்ன."

"பெரியப்பா, அது கழுத்துக்கில்லை. அடி சூடாகாமல் இருக்கிறதுக்கு."

"அப்ப அடி தண்ணியிலதானே நிக்குது. ஏன் சரிச்சு விழுத்துறாய்?"

இங்கே நான் புகுந்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். எடுபடவில்லை.

இராணுவக் கோதுகளின் கழுத்தில் நீலமும் ஊதாவுமாய் ஒரு கறை இருக்கும். எஸ்.எல்.ஆர். கோதுகளில் அதை அழுக்கென்று நினைத்து மண்ணில் தேய்த்திருக்கிறோம். அது காய்ச்சி இளக்கிய அடையாளம். வேட்டைக்கு விற்கிற ரவையில் அதை மெருகேற்றி அழித்துவிடுவார்கள். இராணுவ ரவையில் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள், பார்த்தவுடன் வேலை நடந்திருக்கிறதென்று தெரிய. அந்தக் கறைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இரசாயனம் படிப்பிக்கிற எனக்கு இந்த விடயம் முழுவதிலும் அதுதான் சுவை.

பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலம் வந்தால் களஞ்சியத்தில் வைத்த ரவைகள், யாரும் தொடாமலே, கோதின் கழுத்தில் கீறி வெடிப்பு விடும். பருவத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். ஈரமென்றார்கள், சூடென்றார்கள். 1921இல்தான் காரணம் தெளிவாய் வெளிவந்தது: அமோனியா. ரவைகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும்பும் அமோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து, நெரித்த நெரிப்பு உள்ளே அடங்காமல் இருக்கிற பித்தளையின் மணிகளுக்கு நடுவே புகுந்து அரித்திருக்கிறது. மூன்றும் கூடவேண்டும்: அமோனியா, ஈரம், உள்ளே தங்கிய இழுவிசை. மிதமாய்க் காய்ச்சி இழுவிசையைப் போக்கினால் மற்ற இரண்டும் இருந்தும் வெடிப்பு வராது.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் செப்புக் கரைசலில் அமோனியா விட்டுக் காட்டுவோம். வெளிறிய நீலம் ஒரு கணத்தில் கடுநீலமாகும், வகுப்பே எட்டிப்பார்க்கும். செம்பை அமோனியா அவ்வளவு விருப்பத்தோடு பிடித்துக்கொள்ளும். அந்த விருப்பம்தான் லாயத்தில் கோதை வெடிக்கவைத்தது. இதைப் பெரியப்பாவுக்குச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. புதிதாய்த் தட்டிய பித்தளைச் செம்பை மாட்டுக்கொட்டிலில் வைக்க அவரின் தகப்பன் விடமாட்டாராம். வார்த்த விளக்கை வைக்கலாம், தட்டிய செம்பை வைக்கக்கூடாது. வார்த்ததில் இழுவிசை குறைவு, தட்டியதில் கூட. அந்த மனிதர் இழுவிசை என்ற சொல்லைக் கேட்டிருக்கவே மாட்டார்.

கோதைத் துலக்குவதிலும் இதே எச்சரிக்கை. அமோனியா கலந்த மெருகுத் திரவம் வேண்டாம் என்பார்கள். மச்சான் எலுமிச்சை அமிலத் தூளில் ஊறவைக்கிறான். எங்கள் வீட்டில் கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் பழப்புளி போட்டுத் தேய்க்கிறார்கள். இரண்டும் மெல்லிய அமிலம். அமிலம் அளவுமீறினால், ஊறுகிற நேரம் நீண்டால், நாகம் கரைந்து பித்தளை ரோசா நிறத்துக்குப் போகும். வாரக்கணக்காய்ப் புளியில் மறந்துபோன குத்துவிளக்கைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? துவக்குக்காரர் வேகம் என்பார்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு, மச்சானோடு வழக்கும் உண்டு. கோதின் கொள்ளளவு 4 சதவீதம் கூடினால் அதே அழுத்தத்தில் வேகம் ஏறத்தாழ 1 சதவீதம் கூடும் என்பது அவர்களே சொல்லுகிற கணக்கு. கொஞ்ச இடத்துக்குக் கொஞ்ச வேகம். அதற்கு மேல் கிடைத்ததாய் ஒருவர் சொன்னால் அவர் அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார், கோதின் வடிவத்துக்கு அதில் பங்கில்லை. எண்பது வருடம் பழகிய லீ-என்ஃபீல்ட் போன்ற துவக்கில் அது விளையாட்டில்லை. அதன் போல்ற் பின்பக்கத்தில் பூட்டுகிற வகை, கூடிய அழுத்தத்தில் நீண்டு கொடுக்கும். ஒவ்வொரு கோதை உருவாக்கவும் ஒரு சூட்டளவு குழல் தேய்கிறது என்பதையும் சேர்க்கவேண்டும். மச்சான் கடைசியில் ஒத்துக்கொண்டது, கோதின் ஆயுளுக்காகச் செய்கிறான் என்று. அது நியாயம். உருவாக்கிய பிறகு கோதை முழுதாய்ப் பழைய அளவுக்கு நெரிக்காமல், கழுத்தை மட்டும் நெரித்துத் திரும்பத் திரும்பச் சுடுகிறான். உடல் தன் சேம்பருக்குப் பழகிவிட்டது. அதைத் திரும்பத் திரும்ப நெரித்து விரிக்காததால் இழுபடவில்லை.

வேகத்தை விட்டுத் துல்லியத்துக்குப் போனால் கதை வேறு. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. மேசையில் துவக்கைக் கிடத்தி, ஐந்து சன்னத்தையும் ஒரே ஓட்டைக்குள் போடப் பார்க்கிற போட்டி ஒன்று உண்டு. அதில் பல பத்தாண்டுகளாய் அரசாண்ட ரவை 6 மி.மீ. பி.பி.சி. 1975இல் மருத்துவர் லூ பல்மிசானோவும் துவக்குச் செய்வினைஞர் ஃபெரிஸ் பின்டெலும் வடித்த வைல்ட்காற். அவர்கள் எடுத்த தாய்க்கோது .220 ரஷ்யன். அது சோவியத்தில் ஓடும் மான் இலக்குச் சுடுவதற்காக ஒரு இராணுவக் கோதின் கழுத்தைச் சிறுக்கவைத்துச் செய்தது. அந்த இராணுவக் கோது 7.62×39. எங்கள் ஒழுங்கை மணலில் கிடந்த ரி-56 கோது.

பின்லாந்தின் லபுவா செய்கிற .220 ரஷ்யன் பித்தளைக் கோதை வாங்கி, கழுத்தை 6 மில்லிமீற்றருக்கு விரித்து, பி.பி.சி. சேம்பரில் போட்டுச் சுடுகிறார்கள். சரிவெல்லாம் நிமிர்ந்து, தோள் முன்னேறி, குட்டையாய்க் கொழுத்த கோது வெளியே வருகிறது. அடி மட்டும் அதே அடி. மச்சான் அனுப்பிய படத்தில் இரண்டையும் பக்கத்தில் பார்த்தால் ஒரே வயிற்றில் பிறந்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த அடியின் விட்டம் எனக்குக் கைமனம். அதை விரல்களுக்குள் பிடித்து, கோதின் வாயில் ஊதி விசில் அடித்திருக்கிறோம்.

லீவுக்கு வரும்போது ஒரு எப்ஸ் கோது கொண்டுவரட்டோ என்று கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றேன். வெறும் பித்தளைதான், மருந்தில்லை, பிறைமரும் இல்லை. ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரு தமிழன் தன் பெட்டியிலிருந்து எடுத்த ரவைக் கோதை வைத்து வைல்ட்காற் வரலாறு விளங்கப்படுத்திக்கொண்டு நிற்கிற காட்சியை நான் பார்க்க விரும்பவில்லை. இங்கேயும் வீட்டு அத்திவாரம் வெட்டும்போதும் கிணறு இறைக்கும்போதும் இன்னும் கிளம்புகிறது. முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வருடக்கணக்காய் நிலத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தார்கள். சுடாத ரவையைக் கண்டால் கை வைக்காமல் பொலிசுக்குச் சொல்வது ஒன்றே வழி. பித்தளைக்கு ஆசைப்பட்டுத் தட்டிப்பார்த்தவர்களைப் பெரியப்பாவுக்குத் தெரியும்.

அதனால் எல்லாம் படத்தில்தான். பலமுறை சுட்ட கோது ஒன்றை மச்சான் இரும்பறுக்கும் வாளால் நெடுக்குவாட்டில் பிளந்து, அரத்தால் ராவி, மெருகேற்றிப் பெரிய படமாய் அனுப்பினான். பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை மூக்கோடு வைத்துப் பார்த்தார். அடித்தடிப்பு முடிந்து சுவர் தொடங்குகிற இடத்துக்குச் சற்று மேலே விரலை வைத்தார். "இதில போகும்." வெளியில் வளையம் ஒன்றும் தெரியவில்லை. நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கோதுக்குள் விட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பது அங்கத்தைய வழக்கம், பள்ளம் இருந்தால் கம்பி தட்டுப்படும். மச்சான் அதே கூட்டத்துக் கோதுகளில் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு, பின்னேரம் "தட்டுப்படுது" என்று மட்டும் எழுதினான். அந்தக் கூட்டம் முழுவதையும் நசுக்கிக் குப்பையில் போட்டுவிட்டான்.

தண்ணீர் வழக்கு மட்டும் தீரவில்லை. சிவந்த கழுத்தைத் தன்பாட்டில் ஆறவிட்டால்தான் மணிகள் ஒழுங்காய்ப் படியும் என்று பெரியப்பா பிடிவாதம். இளகுவதெல்லாம் சூட்டிலேயே முடிந்துவிடும், அதன் பிறகு மெல்ல ஆறினாலென்ன, சட்டென்று ஆறினாலென்ன, சரித்துவிடுவது சூடு அடிக்கு ஓடாமல் இருக்கத்தான் என்று மச்சான். புத்தகம் மச்சான் பக்கம், நானும் அவன் பக்கம். பெரியப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. இப்போது ஒரே பெட்டிக் கோதுகளை இரண்டாய்ப் பிரித்து, பாதியைத் தண்ணீரில் சரித்தும், பாதியை அடி மட்டும் நனைய நிற்கவிட்டும் இளக்கியிருக்கிறான். இரண்டையும் ஒரே மாதிரிச் சுட்டு, எந்தப் பாதியில் முதல் கழுத்து வெடிக்கிறதென்று பார்ப்பதாய் ஒப்பந்தம். நிறமையால் அடியில் புள்ளி போட்டு அடையாளம் வைக்கச் சொன்னது பெரியப்பா. எந்தப் பாதி எதென்று மச்சானுக்கே தெரியாமல் மாமி போடவேண்டும் என்று சொன்னது நான்.